தேவனாம்பட்டினத்துச் சுண்ணாம்பு டப்பிகள்

கடலூரில் வந்திறங்கியதும் என்னை முதலில் அவமானப்படுத்தியது ஒரு குதிரைதான். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா பேசி, பெட்டிகளை ஏற்றி, நான் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். குதிரையின் முன்னங்கால்கள் தரையைவிட்டு எழும்பின. "சார், முன்னால தள்ளி உக்காருங்க, குருதை அந்தரத்துல நிக்குது!" என்று வண்டிக்காரர் கத்தினார். முன்னால் தள்ளினேன். குதிரை மண்டியிடப் பார்த்தது. கடைசியில் என் மனைவி பரமேசுவும் பெட்டிகளும் வண்டியில் வருவதென்றும் நான் கூடவே நடந்து வருவதென்றும் ஒப்பந்தமாயிற்று.

"நடவுங்கோ, நடவுங்கோ, உடம்புக்கு நல்லது" என்றாள் பரமேசு, வண்டிக்குள் சாய்ந்துகொண்டு.

நாங்கள் திருகோணமலைக்காரர். எங்கள் பக்கத்தில் சிதம்பரம் பார்க்காதவரை ஆளாகவே மதிக்க மாட்டார்கள். பரமேசுவின் ஒன்றுவிட்ட சகோதரிகள் எல்லோரும் மார்கழித் திருவாதிரைக்குப் போய் வந்து, வருடக் கணக்காக அதையே கதைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மார்கழியில் போகாவிட்டால் சமையலறைக்குள் நான் போய்த்தான் கரண்டி பிடிக்க வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். கரண்டி பிடிக்க எனக்குத் தெரியாது. ஆகவே கடல் தாண்டினேன்.

எனக்குத் தெரிந்த தொழில் வேறு. முப்பது வருடம் எங்கள் துறைமுகத்து வெடிமருந்துக் களஞ்சியத்தில் உத்தியோகம் பார்த்தேன். பீரங்கிக் குண்டுப் பெட்டி வந்தால் திறந்து, இது இன்ன ரகம், இதற்கு இன்ன மூடி, இன்ன ஊசி, எல்லாம் இருக்கிறதா, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. குண்டு வெடிப்பதற்கு ஒரு சாமான் என்றால், வெடிக்காமல் இருப்பதற்கு நாலு சாமான் வைத்திருப்பார்கள். அந்த நாலையும் பார்த்தே என் தலை நரைத்தது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டியதும் எனக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

கடலூரில் நாங்கள் தங்கியது மாணிக்கம் வீட்டில். அவர் எங்கள் களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். சொந்த ஊர் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம். இப்போது அங்கே கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறார். களஞ்சியத்தில் சத்தம் போட்டுப் பேசக் கூடாது என்பது விதி. இருபது வருடம் அடக்கி வைத்த குரலையெல்லாம் இப்போது தினம் காலையில் எடுத்து விடுகிறார் போலும், தெருக்கோடியில் நாங்கள் வரும்போதே, "ஐயா வந்துட்டாரு! ஐயா வந்துட்டாரு!" என்று ஊருக்கே ஏலம் போட்டார்.

சாப்பாட்டில்தான் கண்ணீர் வந்தது. தின்னத் தின்ன ஆசை தீராத வஞ்சிரமும் சங்கராவும் கரையேறுகிற ஊர். பரமேசுவோ மார்கழி பிறந்ததிலிருந்து மச்சம் தொடுவதில்லை. அவள் தொடாவிட்டால் நானும் தொடக் கூடாதாம். மாணிக்கத்தின் மனைவி எங்களுக்காகத் தனியாக முருங்கைக்காய் சாம்பார் வைத்தார். எங்கள் ஊரில் எந்தக் குழம்பானாலும் தேங்காய்ப்பால் விடாமல் இறக்க மாட்டோம். இங்கே சாம்பார் இலையில் ஊற்றிய மறுகணம் நாலு திசையிலும் ஓடுகிறது. சோற்றில் அணை கட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த வீட்டில் மீன் வறுக்கிற வாசனை வந்தது. பரமேசு என் முகத்தைப் பார்த்து, "மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிடுங்கோ" என்றாள்.

தெருவில் எனக்குக் கிடைத்த மரியாதை முழுவதும் எங்கள் நாட்டு ரேடியோவால் வந்தது. "சிலோனுங்களா? ரேடியோவுல பேசுறாரே, அவுங்கள உங்களுக்குத் தெரியுமா?" என்று பெட்டிக்கடைக்காரர் முதல் நாவிதர் வரை கேட்டார்கள். முதல் இரண்டு பேரிடம் தெரியாது என்றேன். அவர்கள் முகம் வாடியதைப் பார்த்து, மூன்றாவது ஆளிடம் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிட்டேன். தேத்தண்ணீர் இலவசமாக வந்தது.

இரண்டாம் நாள் காலை மாணிக்கம் ஏலம் கூறுவதைப் பார்க்கக் கடற்கரைக்குப் போனோம். ஏலம் முடிந்து ஒரு கட்டுமரத்து நிழலில் கிழிந்த வலை பொத்துகிறவர்களோடு உட்கார்ந்தோம். மாணிக்கத்தின் மச்சான் கோவிந்தன், ஐம்பது வயதிருக்கும், கறுத்து இறுகிய மனிதர், எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்து நீட்டினார்.

விரலை விட்டவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு விரல் உயரப் பித்தளைக் கிண்ணம். உட்பக்கம் திருகு மரை. வெளிப்பக்கம் எதிரெதிராக இரண்டு வெட்டு. வாயை மரத்தக்கையால் அடைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கில் நான் தடவிப் பார்த்த சாமான்!

"மாணிக்கம், இது என்ன என்று உமக்குத் தெரியேல்லையோ?"

மாணிக்கம் தலையைச் சொறிந்தார். "நான் பெட்டிதானுங்க தூக்குனேன். பெட்டியத் தொறக்குறது நீங்கதானே" என்றார். நியாயந்தான்.

அங்கே இருந்தவர்களிடம் எல்லாம் கேட்டேன். ஆளுக்கொரு டப்பி இடுப்பிலிருந்து வெளியே வந்தது. மொத்தம் ஒன்பது. தேவனாம்பட்டினமே பீரங்கிக் குண்டின் மூடியில் சுண்ணாம்பு வைத்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது! யுத்த காலத்தில் பட்டாளத்தார் சில மாதம் அந்தக் கரையில் பீரங்கி வைத்துக் கடலை நோக்கிச் சுட்டுப் பழகினார்களாம். அவர்கள் போனபின் மணலில் இவை கிடந்தனவாம்.

"பயப்பட ஒன்றுமில்லை" என்று நான் உற்சாகமாக விளக்கினேன். குண்டின் மூக்கில் வெடிமுனை இருக்கும். வழியில் எதிலும் இடித்துக்கொள்ளாமல் அதன் மேல் இந்த மூடியைத் திருகி வைத்திருப்பார்கள். சுடுவதற்கு முன் மூடியைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். கோயில் வாசலில் கிடக்கிற செருப்பு மாதிரி. செருப்பு இங்கே கிடந்தால் ஆள் உள்ளே போய்விட்டார் என்று அர்த்தம். மூடி கரையில் கிடந்தால் குண்டு கடலுக்குள் போய்விட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். ஒன்பது டப்பியையும் வரிசையாக மணலில் வைத்துப் பழைய பழக்கத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எட்டு மூடிகளில் வெட்டு இரண்டும் சுத்தமாக இருந்தன. பட்டாளத்தான் அதற்கென்று உள்ள சாவியை வெட்டில் கொடுத்துத் திருகுவான், கீறல் விழாது. ஒன்பதாவது கோவிந்தனுடையது. அதன் விளிம்பைச் சுற்றி உளி அடித்த காயம்.

"கோவிந்தன், இது மணலில் கிடந்து எடுத்ததா?"

"இல்லிங்க. இது நானே அடிச்சுக் கழட்டுனது" என்றார் அவர் பெருமையாக. "யுத்தம் முடிஞ்ச பொறவு வலையில ஒரு இரும்புக் கட்டை வந்துது. கனம்னா கனம், அவ்ளோ கனம். மூக்குல இது இருந்துது. உளிய வச்சு நாலு தட்டு தட்டுனேன், வந்திடுச்சு."

மென்ற வெற்றிலையைத் துப்பினேன். செருப்பு இங்கே இருக்கிறது, ஆளும் உள்ளே போகவில்லை! அது சுடாத குண்டு.

"அந்தக் கட்டை இப்போது எங்கே?"

"சிதம்பரத்துல. எம் பொண்ணு ராசாத்தி ஊட்டுல. தூளிக்குக் கீழ வச்சிருக்கோம்."

பிள்ளை பெற்றவள் படுக்கிற இடத்தில் இரும்பு வைக்கிற வழக்கம் எங்களுக்கும் உண்டு. காத்துக் கருப்பு அண்டாதென்று ஒரு கத்தியோ பாக்குவெட்டியோ வைப்பார்கள். கோவிந்தன் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. ராசாத்திக்குத் தாய் இல்லை. முதல் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள்கூடத் தங்கவில்லை. அப்போது தொட்டிலுக்குக் கீழே வைத்தது ஒரு சின்ன மீன் வெட்டுகிற கத்தி. "கத்தி பத்தலன்னுதானுங்க இந்தவாட்டி எங்கிட்ட இருந்ததுலியே பெரிய இரும்பைத் தூக்கிக்கினு போயி வச்சேன். ஆம்பளப் புள்ளதானுங்க. பொறந்து இன்னியோட ஒம்போது நாளு" என்றார்.

சொல்லாமல் எப்படி? சொன்னேன். அந்த மனிதர் மணலில் உட்கார்ந்துவிட்டார். "நானே கொண்டு போயி வச்சேனே, நானே கொண்டு போயி வச்சேனே" என்று அதையே சொன்னார். மாணிக்கம் பக்கத்தில் குனிந்து, பழைய களஞ்சியத்துக் குரலில் அவரைத் தேற்றினார்.

தந்தி கொடுக்கலாம் என்றார் ஒருவர். தந்தியில் என்ன எழுதுவது? தூளிக்குக் கீழே குண்டு என்று எழுதினால், படித்தவர் முதல் காரியமாக அதை இழுத்து வெளியே எறிவார். நடக்கக் கூடாதது அதுதான். பதினோராம் நாள் தீட்டுக் கழிக்க வீட்டைக் கழுவுவார்கள், சாமான்களை எல்லாம் தேய்த்து விளக்குவார்கள் என்றார் மாணிக்கம். அது நாளை மறுநாள். மாணிக்கம் கடலூர் போலீசுக்குச் சொல்வதென்றும், கோவிந்தனும் நானும் பரமேசுவும் மறுநாள் முதல் பஸ்ஸில் சிதம்பரம் போவதென்றும் முடிவாயிற்று. அன்றே போகத்தான் பார்த்தோம்; ரயிலிலும் பஸ்ஸிலும் திருவிழாக் கூட்டம், கடைசி பஸ்ஸும் எங்களை ஏற்றாமலே போய்விட்டது. அதன் பின்னால் ஓடியதில் என் வேட்டி கிழிந்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் பஸ் புறப்பட்டதே ஒரு கூத்து. பஸ் முழுக்க மார்கழி விரதக்காரர்கள்; நெற்றி நிறைய விபூதி. கோவிந்தன் ஏறினார், கையில் ஓலையில் கட்டிய பால்சுறாக் கருவாட்டோடு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுமாம். குண்டு வெடிக்குமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற நேரத்திலும் மகளுக்குக் கருவாடு எடுக்க மறக்கவில்லை அவர். ஐந்து நிமிடத்தில் பஸ்ஸே எழுந்து நின்றது.

"யோவ், யாருய்யா அது? சாமி பாக்கப் போற வண்டியில கருவாடு!"

"எம் பொண்ணுக்குங்க."

"பொண்ணுக்குன்னா மணக்குமா? கண்டக்டர், எறக்குய்யா அந்தாளை!"

கண்டக்டர் நீதிபதியாக உட்கார்ந்து விசாரித்து, ஆள் உள்ளே, கருவாடு மேலே என்று தீர்ப்புச் சொன்னார். கருவாட்டைக் கூரைமேல் கட்டினார்கள். அதற்கப்புறம் பஸ் நின்ற இடத்திலெல்லாம் காக்கைகள் கூடின. ஒரு கிழவர், "நம்ம வண்டிக்கு ஏகப்பட்ட பக்தருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், கோவிந்தனைத் தவிர.

பாதி வழியில் வண்டி நின்றது. டிரைவர் இறங்கி முன்னால் கம்பியைக் கொடுத்துச் சுற்றினார். இருமியது, கிளம்பவில்லை. "ஆம்பளைங்க எல்லாம் எறங்கித் தள்ளுங்க" என்றார் கண்டக்டர். எங்கள் ஊரில் பஸ் நின்றால் அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருப்போம், அரசாங்கத்தைத் திட்டுவோம். இங்கே முப்பது பேர் ஒரு பேச்சுப் பேசாமல் இறங்கித் தள்ளுகிறார்கள். நானும் தள்ளினேன். கோவிந்தன் தனியாளாகவே பஸ்ஸைச் சிதம்பரம் வரை தள்ளிவிடுவார் போலிருந்தது.

தள்ளுகிற நேரத்தில் அவரிடம் கேட்டேன். "அந்தக் கட்டையில் ஓட்டை ஏதாவது இருந்ததா? பக்கவாட்டில்?"

"தெரியலீங்க. சிப்பி ஒட்டிக் கெடந்துது. துரு ஏறுதேன்னு படகுக்குப் பூசுற தாரை மேல பூசிட்டேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வண்டி கிளம்பியது. பரமேசு பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், "நான் ஒண்டு சொல்லட்டே? போனவுடனை குண்டு கிண்டு எண்டு வாயைத் திறவாதேயுங்கோ. அந்தப் பிள்ளை பயத்திலை தூளியைப் பிடிச்சு இழுக்கும்" என்றாள். எனக்கும் அதே யோசனைதான் என்றேன். அப்படி ஒரு யோசனையும் எனக்கு இருக்கவில்லை.

சிதம்பரத்தில் அன்று தேர். நாலு வீதியும் தலைகள். ராசாத்தியின் வீடு ஊருக்கு ஓரத்தில், தெருவைப் பார்த்த சின்ன ஓட்டுவீடு. அவள் புருஷன் மார்க்கெட்டில் கருவாடு விற்கிறவன். திருவிழா நாளில் கருவாடு யார் வாங்குவார்கள் என்று கடையை அடைத்துவிட்டுத் தேர் இழுக்கப் போய்விட்டான். வாசலில் அவள் மாமியார் காத்தாயி நின்றார். உயரமான பெண்மணி, குரலும் உயரம்.

"வாங்க சம்பந்தி! என்னா, மூஞ்சி இப்பிடிக் கெடக்குது?"

"பஸ்ல தலை சுத்திடுச்சு" என்றார் கோவிந்தன். கடலூர்ப் போலீசின் செய்தி இங்கே இன்னும் வந்து சேரவில்லை என்று தெரிந்தது. நான் அவர் முதுகில் கை வைத்து, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லிக் காதில் சொன்னேன். போக மனமில்லாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினார்.

நான் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தேன். காத்தாயி குறுக்கே கை நீட்டினார். "சார், உள்ள பச்ச ஒடம்புக்காரி படுத்திருக்கா. தீட்டுக் கழியல. ஆம்பளைங்க வரக் கூடாது."

"ஒரு நிமிடம் பார்த்துவிட்டு…"

"நாளான்னிக்கு வாங்க, நல்லாப் பாக்கலாம்."

"அப்படியானால் குழந்தையையும் தாயையும் கொஞ்சம் வெளியே…"

"வெளியவா! பதினோரு நாள் முடியாம வாசப்படி தாண்டுனா என்னா ஆவறது? மொதப் புள்ளையப் பறி குடுத்துட்டு உக்காந்திருக்கோம்." அந்தக் கடைசி வார்த்தையில் அவர் கண் கலங்கியது. உள்ளே தூளிக் கயிறு ஆடுகிற சத்தம் கேட்டது. கிரீச், கிரீச்.

அப்போது பரமேசு முன்னால் வந்தாள். குரலைத் தாழ்த்தி, கண்ணைப் பெரிதாக்கி, "அம்மா, எங்கட ஊரிலை ஒரு வழக்கம் இருக்கு" என்றாள்.

காத்தாயி நிமிர்ந்தார். "என்னா வழக்கம்?"

"கடல் தாண்டி வந்த ஆக்கள் பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டு வாசலுக்கு வந்திட்டால், தாயையும் பிள்ளையையும் தெருவுக்கு அங்காலை கூட்டிக்கொண்டு வரவேணும். வந்த ஆம்பிளையின்ரை கையிலை பிள்ளையைக் குடுத்துத் தெற்குப் பார்க்க நிப்பாட்டோணும். வீட்டுக்குள்ளை ஒரு குஞ்சு குருமன் இருக்கப்படாது. கடல் காத்து எங்களோடை ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், அது வீட்டுக்குள்ளாலை புகுந்து போயிடும்."

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"செய்யலன்னா?" என்றார் காத்தாயி.

பரமேசு தலையை ஆட்டினாள். "அதை என்ரை வாயாலை சொல்லமாட்டன்."

அவ்வளவுதான். "ஏ ராசாத்தி! எழுந்து வா, மெதுவா வா!" என்று காத்தாயி உள்ளே ஓடினார். பரமேசுவும் பின்னால் போய், தூளியை ஆட்டாமல் குழந்தையை அவளே எடுத்தாளாம். தெருவைத் தாண்டி, எதிர்ப்பக்கத்தில் நின்ற ஒரு கல் சுவருக்குப் பின்னால் எல்லோரையும் கூட்டி வந்தாள். ராசாத்தி சின்னப் பெண். தலையில் துணி கட்டி, காதில் பஞ்சு அடைத்து, ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். துணியில் சுற்றிய குழந்தை என் கைக்கு வந்தது. ஒரு கருவாட்டுப் பொட்டலத்தின் கனங்கூட இல்லை.

"தெற்குப் பார்த்து நில்லுங்கோ. அசையக் கூடாது" என்றாள் பரமேசு.

நின்றேன். குழந்தை கொட்டாவி விட்டது. காத்தாயி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். போலீஸ் வந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே திரும்பினேன். பரமேசுவைக் காணோம்.

"இஞ்சேரும்!" என்றேன். பதில் இல்லை. "பரமேசு!"

"கத்தாதேயுங்கோ. இஞ்சை நிக்கிறன்." குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

ஓடலாம் என்றால் கையில் பச்சைக் குழந்தை. காத்தாயியிடம் கொடுக்கத் திரும்பினேன். வழக்கம் கெட்டுவிடும் என்று அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "தொடாதையும்! வெளியிலை வாரும்! உமக்கு என்ன தெரியும்?" என்று சுவருக்கு மேலால் கத்தினேன்.

"தொடேல்லை. குனிஞ்சு பாக்கிறன். மூக்கிலை மூடி இல்லை, மரை தெரியுது."

"போதும், வாரும்!"

"தார் எல்லாம் போயிட்டுது. வயித்திலை ஒரு ஓட்டை இருக்கு. பெருவிரல் போகும்."

நான் கத்துவதை நிறுத்தினேன். "மற்றப் பக்கம்?"

"பொறுங்கோ… அங்காலையும் ஓட்டை. ரெண்டும் நேருக்கு நேர். ஜன்னல் வெளிச்சம் தெரியுது." பிறகு ஒரு சிரிப்பு. "எறும்பு போய் வருது. உள்ளை வெறுங்கோது. உது பயிற்சிக்கு வைக்கிறதெல்லே!"

பயிற்சிக் குண்டு! ஆட்கள் தூக்கிப் பழகவும் மூடி கழற்றிப் பழகவும் வைத்திருக்கிற பொம்மை. பாரம் அசல், மூடி அசல், உள்ளே ஒன்றும் இல்லை. எவனும் தவறியும் அசலென்று நினைக்கக் கூடாதென்று வயிற்றில் குறுக்கே துளை போட்டிருப்பார்கள். எங்கள் களஞ்சியத்திலும் ஒன்று இருந்தது. அதைப் பற்றி அவளிடம் எப்போது சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. நான் அழுதேன். வெட்கமில்லாமல் சுவரோரத்தில் தெற்குப் பார்த்து நின்று அழுதேன்.

"பாத்தியாடி ராசாத்தி, எவ்ளோ பக்தியா செய்யறாரு" என்றார் காத்தாயி.

கோவிந்தனும் இரண்டு போலீஸ்காரரும் வந்தபிறகுதான் விஷயத்தைச் சொன்னோம். துளை இருந்தாலும் ஆராய வேண்டியவர்கள் ஆராயட்டும் என்று நான் வற்புறுத்தினேன். வந்தவர்கள் மணல் மூட்டைக்கு நடுவில் அதை ரிக்ஷாவில் வைத்து, ரிக்ஷாக்காரரை நடக்க வைத்துக் கொண்டுபோனார்கள். காத்தாயி விஷயம் புரிந்ததும் தரையில் உட்கார்ந்தார். "அடப்பாவி சம்பந்தி! அதைப் புளி போட்டு நாலு நாளு தேய்ச்சேனே! ஒருக்கா கை வழுக்கித் தொப்புன்னு கீழ போட்டேனே! அந்தத் தாரெல்லாம் நாந்தானே சொரண்டுனேன்!" என்று கோவிந்தனின் தோளில் அடித்தார். கோவிந்தன் அடியை வாங்கிக்கொண்டே பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இருவரும் ஒன்றாகச் சிரிக்கத் தொடங்கினார்கள், நிறுத்த முடியவில்லை. தூளிக்குக் கீழே ஒரு அரிவாள் போய்ச் சேர்ந்தது.

அன்று சாயங்காலம் மேல வீதியில் ஒரு ஓட்டலில் இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சும் சாப்பிட உட்கார்ந்தோம். அந்தக் கொத்சுக்காகவே சிதம்பரம் வரலாம். இலையில் ஓடாமல் வைத்த இடத்தில் இருக்கிறது. பரமேசு மூன்றாவது இட்லிக்குப் போய்விட்டாள். என் இலையில் முதல் இட்லியே கிடந்தது. சுவருக்குப் பின்னால் நான் நின்றது பத்து நிமிடம் இருக்குமா? அந்தப் பத்து நிமிடம் எனக்கு இன்னும் முடியவில்லை.

களஞ்சியத்தில் ஏதாவது பிசகினால் ஆபத்துச் சங்கு ஊதுவார்கள். மலைக்கு அங்கால் உள்ள வீடுகளுக்கும் கேட்கும். என் காலத்தில் பல தடவை ஊதியிருக்கிறது. உள்ளே இருந்த எனக்கு வேலை இருந்தது. நினைக்க நேரம் இருக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் கை கால் கழுவிச் சாப்பிட உட்காருவேன், எந்த மூடி சரியில்லை, எந்த ஊசி வளைந்தது என்று கதை சொல்லுவேன். அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"இஞ்சேரும், சங்கு ஊதின நாட்களிலை நீர் வீட்டிலை என்ன செய்துகொண்டிருந்தனீர்?" என்று கேட்டேன்.

அவள் இட்லியைப் பிட்டுக் கொத்சில் தோய்த்தாள். இதென்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்தாள்.

"சமைச்சுக்கொண்டிருந்தனான்" என்றாள். "ரெண்டு பேருக்கும்."